பலதரப்பட்ட மாணவர் உள்ள வகுப்பில் சமத்துவமாகக் கற்பித்தல்: பயிற்சிநெறிக்குப் பின் என்ன செய்யலாம்?

கேள்வி: தகுதிகாண் விரிவுரையாளர், விஞ்ஞான பீடம்

அனைவருக்கும் வணக்கம். பல்கலைக்கழகப் பணியாளர் அபிவிருத்தி நிலையம் புதிய விரிவுரையாளருக்கு நடத்தும் சான்றிதழ்ப் பயிற்சிநெறியை அண்மையில் நிறைவுசெய்தேன். விரிவுரை நுட்பமும் மதிப்பீடும் அங்கு நன்கு கற்பிக்கப்பட்டன. எனினும் என் முதலாம் ஆண்டு வகுப்பில் ஹற்றன், மஸ்கெலியாத் தோட்டப்புறப் பாடசாலைகளில் தமிழ்மொழி மூலம் உயர்தரம் கற்றவர்களும், சிங்களமொழி மூலம் கற்றவர்களும், ஆங்கிலத்தில் சரளமாகப் பேசும் கண்டி நகரத்து மாணவரும், பார்வை குறைந்த மாணவி ஒருவரும் ஒன்றாக இருக்கிறார்கள். விரிவுரை ஆங்கிலத்தில் நடைபெறுகிறது. தோட்டப்புற மாணவர்கள் வாய் திறப்பதே இல்லை. எங்கிருந்து தொடங்குவது?

பதில் 1: மூத்த விரிவுரையாளர், கண்டி

அந்த மௌனத்தைத் திறமைக் குறைவாக ஒருபோதும் கொள்ள வேண்டாம். கலைத்துறை நீங்கலான பெரும்பாலான துறைகளில் பல்கலைக்கழக அனுமதி 40 வீதம் தீவளாவிய தகுதியிலும், 55 வீதம் மாவட்ட அடிப்படையிலும், 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் என வழங்கப்பட்டு வந்திருக்கிறது. ஹற்றனும் மஸ்கெலியாவும் உள்ள நுவரெலியாவும், பதுளையும் அப்பின்தங்கிய மாவட்டங்களுள் அடங்கும். விஞ்ஞான ஆசிரியர் பற்றாக்குறையுள்ள ஒரு பாடசாலையிலிருந்து வெட்டுப்புள்ளியைத் தாண்டி வந்த பிள்ளைக்கு இந்த அனுமதிக் கொள்கை வாசலைத் திறந்துவிட்டது. உள்ளே வந்த பின் அப்பிள்ளை கற்பதற்கு வழிசெய்வது நம் பொறுப்பு.

ஒவ்வோர் அலகிலும் வரும் கலைச்சொற்களை, பாடசாலை நூல்களில் உள்ளவாறே தமிழிலும் சிங்களத்திலும் எடுத்து, ஆங்கிலச் சொல்லுக்கு அருகில் அச்சிட்டு முதல் வாரத்திலேயே கொடுங்கள். தெரிந்த பாடத்தையே வேறு மொழியில் கேட்கிறோம் என்று உணர்ந்ததும் அவர்களின் அச்சம் பெருமளவு தணிந்துவிடும். குழுப்பணியில் ஒரேயொரு தமிழ் மாணவரைத் தனியே விட்டால் கலந்துரையாடல் சிங்களத்துக்கு மாறி, அவர் குறிப்பெடுப்பவராக ஒதுங்கிவிடுவார். ஆகவே குழுக்களைக் கலந்தே அமையுங்கள். ஆனால் ஒரே மொழியினர் இருவராவது ஒரு குழுவில் இருக்கட்டும். முதலில் தம் மொழியில் யோசித்துவிட்டுப் பின்னர் ஆங்கிலத்தில் பேசுவதற்கு ஓரிரு நிமிடம் கொடுங்கள். ஒப்படைகளைத் திருத்தும்போதும், இப்புள்ளி விளக்கத்துக்கா, ஆங்கில நடைக்கா என்று ஒவ்வொரு தடவையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

பதில் 2: கணினிப் போதனாசிரியர், பதுளை

பார்வை குறைந்த அந்த மாணவியைப் பற்றி யாரும் இன்னும் சொல்லவில்லை. விரிவுரைக் குறிப்புகளைப் படமாக வருடி அனுப்பினால் திரையில் உள்ளதை உரக்க வாசிக்கும் திரைவாசிப்பு மென்பொருள் அவற்றை நேராக வாசிக்காது. பாமினி எழுத்துருவில் தட்டச்சிட்ட தமிழ்க் குறிப்புகளும் அவ்வாறே. அவை கணினிக்குப் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகவே தெரியும். எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான யூனிகோட் முறையில் தட்டச்சிட்டால், இலவசமாகக் கிடைக்கும் என்விடிஏ (NVDA) என்னும் திரைவாசிப்பு மென்பொருள் தமிழையும் வாசித்துக் காட்டும். கரும்பலகையில் எழுதும் சமன்பாட்டைச் சுட்டிக்காட்டி “இது இதற்குச் சமம்” என்னாமல், வாய்விட்டு முழுமையாகச் சொல்லுங்கள். குறிப்பெடுக்கத் திணறும் ஏனைய மாணவருக்கும் அது உதவும்.

1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்க, வலுவிழந்த ஆட்களின் உரிமைகளைப் பாதுகாக்கும் சட்டம், கல்வி நிறுவனங்களுக்கு அனுமதிப்பதில் மாற்றுத்திறனாளிகளுக்குப் பாரபட்சம் காட்டுவதைத் தடைசெய்கிறது. அதே நோக்கில், பரீட்சையில் மேலதிக நேரம், பெரிய எழுத்து வினாத்தாள் ஆகியவற்றை அம்மாணவி சலுகையாகக் கேட்டு நிற்கும் நிலை வரக்கூடாது. அவருடன் தனியாகப் பேசி, தேவையை அறிந்து, அரையாண்டின் தொடக்கத்திலேயே பரீட்சைக் கிளைக்கு எழுத்தில் கொடுங்கள்.

பதில் 3: விரிவுரையாளர், பேராதனை

ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். நம்பிக்கைக்குரிய சக விரிவுரையாளர் ஒருவரை உங்கள் வகுப்பின் பின்வரிசையில் அமரச் சொல்லி, யார் பேசினார்கள், யாரை நோக்கி நீங்கள் கேள்வி கேட்டீர்கள் என்பதை மட்டும் குறித்துத் தரச் சொல்லுங்கள். பின்னர் அவருடைய வகுப்புக்கு நீங்களும் அவ்வாறே செல்லுங்கள். இரு மொழிப் பின்புலத்தைச் சேர்ந்த இருவர் இதனைச் செய்வது மிகவும் பயன்தரும்.