தேக்காவில் பார்த்தும் பார்க்காத டீச்சர்

தோ பாயோ வாசகி:
போன வாரம் டீச்சரின் உடலை மண்டாய் தகனச் சாலைக்குக் கொண்டுபோகும் முன், அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப் பேருக்கு ஒருவரையொருவர் தெரியாது. எப்படிப் பழக்கம் என்று கேட்டால் "தெரிஞ்சவங்க" என்று நிறுத்திக்கொண்டார்கள். நானும்தான். இங்கேயாவது சொல்லிவிடுகிறேன்.

2017இல் அவரிடம் மனநல ஆலோசனைக்குப் போனேன். மூன்றாவது வாரம், தேக்கா சந்தையில் முருங்கைக்கீரைக் கட்டை உதறிப் பார்த்துக்கொண்டு நின்றார். நிமிர்ந்தார். பார்வை என் மேல் பட்டு, நிற்காமல் போய்க் கறிவேப்பிலையில் நின்றது. எனக்குச் சுருக்கென்றது. அடுத்த முறை கேட்டேவிட்டேன். "பக்கத்துல உங்க மாமியார் இருந்தாங்களே. நான் சிரிச்சிருந்தா, யார் இதுன்னு கேப்பாங்க. என்ன சொல்லியிருப்பீங்க?" வாயடைத்துப்போனேன். "நீங்க முதல்ல சிரிங்க, அப்புறம் நான் சிரிக்கிறேன்" என்றார்.

அப்போதெல்லாம் உயிரை மாய்த்துக்கொள்ள முயல்வது இங்கே சிங்கப்பூரில் குற்றம். 2020 ஜனவரியில்தான் அது மாறியது. போலீஸுக்குப் பயந்தே நான் யாரிடமும் சொல்லவில்லை. டீச்சர் ஏன் என்று கேட்கவில்லை. "இப்பவும் அந்த நினைப்பு வருதா?" என்று நேராகக் கேட்டார். எந்த நிலைமையில் வெளியே சொல்ல வேண்டிவரும் என்பதையும் மறைக்கவில்லை.

யீஷூன் அம்மா:
நான் கொஞ்சம் கசப்பாகத்தான் எழுதுவேன். என் மகன் அவரிடம் சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்குப் போனான். வீட்டுக்காரருக்கு வேலை போன சமயம், நானும் உங்களிடம் பேச வேண்டும் என்றேன். முடியாது என்றுவிட்டார். பிள்ளைக்கு டீச்சராக இருப்பவர் அம்மாவுக்கு ஆலோசகராக இருக்கக் கூடாதாம். ஒரு குடும்பச் சேவை நிலையத்தின் எண்ணை எழுதிக் கொடுத்தார். நம்ம ஆளே இப்படி விரட்டலாமா என்று ஆறு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. நிலையத்தில் கிடைத்த சீனப் பெண் தங்கமானவர்தான். ஆனால் எனக்கு ஆங்கிலத்தில் அழ வரவில்லை. விதி புரிகிறது. மனசு இன்னும் முழுசாக ஒப்பவில்லை.

முன்னாள் மாணவன்:
பிஎஸ்எல்இ, அதாவது தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு எழுதிய வருஷம். "ஸ்ட்ரெஸ்ஸா இருக்கு டீச்சர்" என்றேன். தமிழில் சொல் என்றார். "மன உளைச்சல்." "அது செய்தியில வர்ற வார்த்தை. உனக்கு என்ன? பயமா, சலிப்பா, கடுப்பா?" அன்றைக்குப் பாடமே நடக்கவில்லை. ஆளாளுக்குச் சொல்லச் சொல்லப் பலகையில் எழுதினார்: படபடப்பு, எரிச்சல், பொறாமை, புழுக்கம், ஏக்கம். ஏக்கத்தில் நான் நின்றுவிட்டேன். அப்பா அப்போது இந்தோனேசியாவில், பாத்தாமில் வேலை பார்த்தார். வீட்டுக்குப் போனதும் அவருக்குப் போன் போட்டேன். (கட்டுரையில் வழக்கம்போல் மார்க் குறைவுதான்.)

துவாஸ் விடுதிக்காரன்:
எனக்குப் புதுக்கோட்டைப் பக்கம். 2020 ஏப்ரலில் கொரோனாவுக்காக எங்கள் தொழிலாளர் விடுதியை அடைத்தபோது எங்கள் அறையில் 12 பேர். தொண்டூழியர்கள் போனில் பேசினார்கள். எனக்கு வந்தது இந்த டீச்சரம்மா. "சாப்பாட்டுல உப்பு இருந்துச்சா தம்பி?" என்றுதான் தினமும் ஆரம்பிப்பார். ஒரு நாள் நெஞ்சில் கல்லை வைத்த மாதிரி இருக்கிறது என்றேன். முதலில் டாக்டரைப் பார்க்க வைத்தார், அப்புறம்தான் மற்ற பேச்சு. இரண்டு வாரம் போனதும், "நான் உங்ககிட்ட கேக்கறதை மேல் கட்டில்காரர்கிட்ட நீங்க கேளுங்க" என்றார். கூச்சமாக இருந்தது. கேட்டேன். அந்த ஆள் அரை மணி நேரம் அழுதார். அதற்குப் பிறகு ராத்திரியில் நாலைந்து பேர் வட்டமாக உட்கார்ந்து பேச ஆரம்பித்தோம். இப்போது வேறு வேறு கம்பெனி, ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை சேர்ந்துதான் சமையல்.

அம்மாவின் முகத்தைப் போன வாரம்தான் பார்த்தேன், மாலை போட்ட படத்தில்.

தோ பாயோ வாசகி:
கடைசியில் நாற்காலிகளை மடக்கி அடுக்கியது நீங்களா? கட்டம் போட்ட சட்டை?

துவாஸ் விடுதிக்காரன்:
ஆமாக்கா. உங்களுக்கு டீ கொண்டுவந்து கொடுத்தேனே. சீனி வேண்டாம்னீங்க.