ஹேஸிங்: 'புகுமுக வதை' போதுமா?

அனைவருக்கும் வணக்கம்.

நாம் தொகுக்கும் படைத்துறைச் சொற்பட்டியலில் 'ஹேஸிங்' (hazing: குழுவில் ஒருவராக ஏற்கிறோம் என்ற பெயரில் ஒருவரை அடித்தும் அவமானப்படுத்தியும் வதைப்பது) என்பதற்கான தமிழ்ச்சொல் இன்னும் முடிவாகாமல் நிற்கிறது. இதுவரை வந்த பரிந்துரைகள் மூன்று: ஏற்புச் சடங்கு, பகடிவதை, புகுமுக வதை.

'ஏற்புச் சடங்கு' வேண்டவே வேண்டாம். "இது எங்கள் மரபு, நாங்களும் பட்டுத்தான் வந்தோம்" என்பதுதான் அடித்தவர்கள் எப்போதும் சொல்லும் சமாதானம். அடிபட்டவர் எழுதும் புகாரிலும் அதே சொல் இருந்தால் புகார் அங்கேயே பாதி செத்துவிடும். 'ஏற்பு' என்ற பகுதியும் ஆபத்தானது. அவரே ஏற்றுக்கொண்டார் என்று படிக்க இடம் தருகிறது. மேலிருப்பவர்கள் சுற்றி நிற்கும்போது புதியவர் சொல்லும் 'சரி' உண்மையில் சம்மதம் ஆகாது.

'பகடிவதை' இலங்கைத் தமிழில் ராகிங்குக்கு வேரூன்றிவிட்ட நல்ல சொல். வதையை வதை என்றே சொல்கிறது, அதற்காகவே எனக்குப் பிடிக்கும். ஆனால் அதைக் கேட்டதும் பல்கலைக்கழக விடுதிதான் மனத்தில் வருகிறது. படையில் நடப்பதில் பல சமயம் பகடி துளியும் இருக்காது.

அப்புறம் 'புகுமுக வதை'. நானும் முதலில் இதன் பக்கம்தான் இருந்தேன். மனம் மாறக் காரணம், 1997-இல் தொலைக்காட்சியில் வெளியான அமெரிக்க மரைன் படையினரின் காணொளிகள். பாராசூட் பயிற்சி முடித்தவர்களுக்குத் தரும் இறக்கைச் சின்னத்தின் ஊசிகளை, அதைப் பெற்றவர்களின் நெஞ்சில் சக வீரர்களே குத்தி இறக்குகிறார்கள். வதைபட்டவர்கள் படைக்குப் புதியவர்கள் அல்லர், ஏற்கெனவே வீரர்கள். அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் வரையறையும் குழுவில் சேர்வதோடு நிற்பதில்லை. தொடர்ந்து உறுப்பினராக இருப்பதற்கான நிபந்தனையாகச் செய்வதும் அதில் அடங்கும். 'புகுமுகம்' இவ்வளவையும் தாங்காது.

இப்படி வதைப்பதால் வீரர்களுக்குள் பிணைப்பு வளரும் என்ற வாதம் இந்தச் சொல்லோடு ஒட்டிக்கொண்டே வருகிறது. கனடாவின் வான்குடை (பாராசூட்) படைப்பிரிவு அதற்கு நேரான பதில். 1993-இல் சோமாலியாவில் அந்தப் பிரிவின் வீரர்கள் ஒரு பதின்வயதுச் சிறுவனை அடித்தே கொன்றார்கள். பிறகு 1995-இல் அவர்களுடைய வதைச் சடங்கின் காணொளி வெளியானது. கறுப்பின வீரர் ஒருவரின் முதுகில் இனவெறி அமைப்பின் எழுத்துகளை எழுதியிருந்தார்கள். அதே ஆண்டு அந்தப் பிரிவே கலைக்கப்பட்டது. அங்கே பிணைப்புக்குக் குறைவில்லை; யாரை மனிதராக எண்ணுவது என்பதில்தான் கோளாறு. 2011-இல் ஆப்கானிஸ்தானில் சீன வம்சாவளி அமெரிக்க வீரர் ஒருவர், இனப் பெயர் சொல்லி மேலிருந்தவர்கள் செய்த கொடுமைகளுக்குப் பிறகு, 19 வயதில் உயிரை மாய்த்துக்கொண்டார். எதிரிகளுக்கு நடுவே இருந்த அவர் நம்பியாக வேண்டியது இவர்களைத்தான்.

ஆகவே என் பரிந்துரை 'சேர்ப்பு வதை'. 'எங்களில் ஒருவனாகச் சேர்க்க வேண்டுமானால் இதைப் பட்டாக வேண்டும்' என்ற நிபந்தனை அதில் தெரிகிறது. புதியவர், பதவி உயர்ந்தவர், வேறு பிரிவிலிருந்து மாறி வந்தவர் எல்லாருக்கும் பொருந்தும். முறையாக ஆணையிடப்பட்டு நடக்கும் கடும் பயிற்சி இதில் வராது. அதை விளக்கத்தில் ஒரு வரி சேர்த்துத் தெளிவாக்க வேண்டும். சேர்த்து எழுதினால் 'சேர்ப்பதை' என்பதன் எழுத்துப்பிழை போலத் தோன்றும், அதனால் இடம் விட்டே எழுதுவோம்.

ரஷ்யப் படையின் 'தெதோவ்ஷ்சினா'வை இதற்குள் அடைக்கக் கூடாது. 'தாத்தா' என்ற சொல்லிலிருந்து பிறந்த பெயர் அது. கட்டாயச் சேவையின் கடைசி மாதங்களில் இருப்பவர்கள் 'தாத்தாக்கள்'. அவர்கள் இளையவர்களை ஆட்டிவைப்பதுதான் தெதோவ்ஷ்சினா. அங்கே வதை எதிலும் சேர்ப்பதற்காக நடப்பதில்லை. அதற்கு 'மூத்தோர் கொடுமை' என்று தனிப்பதிவு போடலாம்.

கூடவே வரும் சொற்களில் சிக்கல் குறைவு. ரெசிலியன்ஸுக்கு (துன்பத்திலிருந்து மீண்டெழும் ஆற்றல்) 'மீள்திறன்' நிலைத்துவிட்டது. பைஸ்டாண்டருக்கு (bystander: நடப்பதைப் பக்கத்தில் நின்று காண்பவர்) 'பார்வையாளர்' என்று இருப்பதை மட்டும் மாற்றக் கேட்கிறேன். பார்வையாளருக்குக் கடமை எதுவும் இல்லை. வதை நடக்கும் இடத்தில் நிற்கும் சக வீரரோ தடுக்கலாம், அதிகாரியை அழைக்கலாம், அடிபட்டவரைக் கையோடு வெளியே கூட்டிவரலாம். 'உடனிருப்பவர்' என்று வைத்தால் 'உடனிருப்பவர் தலையீடு' இயல்பாக அமைகிறது.

பதிவுக்கான விளக்க வரைவு: "சேர்ப்பு வதை: ஒரு குழுவில் சேரவோ நீடிக்கவோ நிபந்தனையாக ஒருவரை உடலாலோ மனத்தாலோ துன்புறுத்துவது. பாதிக்கப்பட்டவர் இசைந்தாலும் இது வதையே." கடைசி வாக்கியம் விளக்கத்துக்கு மிகை என்று யாருக்காவது தோன்றினால் எழுதுங்கள். அது இருக்க வேண்டும் என்பதே என் கருத்து.