கனடாவின் சஸ்காச்சுவான் மாகாணத்துச் சின்ன ஊர்களுக்குக் குடிவருகிறவர்களுக்கு: அந்த போலீஸ் கார் ஏன் மெதுவாகப் போகிறது?

நேற்று ஒரு தம்பி கேட்டிருந்தார்: "ஊருக்கு வந்து மூன்று வாரம் ஆகிறது. போலீஸ் கார் ஒன்று தினமும் எங்கள் வீட்டு வழியாக ஊர்ந்து போகிறது. எங்களைத்தான் பார்க்கிறார்களா?"

பார்க்கத்தான் செய்கிறார்கள் தம்பி. 900 பேர் இருக்கும் ஊரில், இரண்டு வருஷமாகப் பூட்டிக் கிடந்த வீட்டில் விளக்கு எரிந்தால் தபால் ஆபீஸ் அம்மாவிலிருந்து எல்லோரும்தான் பார்ப்பார்கள். ஆனால் அந்த போலீஸ்காரர் அனேகமாக உங்களைவிட இரண்டு மாதம் முன்னால்தான் அந்த ஊருக்கு வந்திருப்பார். அவரும் தெருவைப் படித்துக்கொண்டிருக்கிறார்.

எனக்கு எப்படித் தெரியும் என்றால், நான் இந்த மாகாணத்தின் தென்மேற்கு மூலையில் 11 வருஷமாக இருக்கிறேன். முதியோர் இல்லத்தில் சமையல் வேலை. என் பக்கத்து வீடு போலீஸ் குவார்ட்டர்ஸ். இந்த 11 வருஷத்தில் அந்த வீட்டில் நான்கு குடும்பங்கள் மாறிவிட்டன. ஜூலையில் ஒரு லாரி வரும், சைக்கிளும் டிராம்போலினும் ஏறும். இரண்டு வாரத்தில் இன்னொரு லாரி வந்து வேறு சைக்கிள்கள் இறங்கும்.

இங்கே கிராமப்புறத்தில் அன்றாடப் போலீஸ் வேலையை மாகாணப் படை பார்ப்பதில்லை. மத்திய அரசின் தேசிய போலீஸான ஆர்.சி.எம்.பி.தான் (ராயல் கனடியன் மவுண்டட் போலீஸ்) ஒப்பந்த அடிப்படையில் அந்த வேலையைச் செய்கிறது. மாகாணம் 70 பங்கு, மத்திய அரசு 30 பங்கு என்று செலவைப் பிரித்துக்கொள்கிறார்கள். இப்போதைய ஒப்பந்தம் 2032 வரை. அதனால் நியூஃபவுண்ட்லாந்தில் மீன்பிடி கிராமத்தில் பிறந்த பையன் கோதுமைக் காட்டுக்கு நடுவே வந்து நிற்பான். நம் ஊரில் மதுரைக்காரரை ராமநாதபுரத்துக்கு மாற்றினாலே வீட்டில் அழுகை. இவர்களுக்கு கடிகாரமே இரண்டரை மணி நேரம், கோடையில் மூன்றரை மணி நேரம் மாறிவிடும்.

போலீஸ் ஸ்டேஷன் என்று யாரும் சொல்லமாட்டார்கள், டிடாச்மென்ட் என்பார்கள். எங்கள் ஊரில் அது ஒரு செங்கல் கட்டடம், பல் மருத்துவமனை மாதிரி இருக்கும். மொத்தம் நான்கு பேர், சில மாதம் மூன்று பேர். ராத்திரி ஒரு நேரத்துக்கு மேல் உள்ளே ஆள் இருக்காது. பணியில் இருப்பவர் வீட்டில் தூங்கிக்கொண்டிருப்பார், அழைப்பு வந்தால் எழுந்து போவார். 911 அடித்தால் எடுப்பவர் உங்கள் ஊர்க்காரர் அல்ல, எங்கோ நகரத்தில் உட்கார்ந்திருப்பவர். இதைப் புரிந்துகொள்ளாமல் "சர்ச்சுக்குப் பின்னால் இருக்கிற வீடு" என்று சொல்லிப் பயனில்லை.

நான் அதைவிட மோசமாகச் சொன்னேன். வந்த இரண்டாவது ஜனவரி, மைனஸ் 34. ராத்திரி ஷிஃப்ட் முடிந்து தோழியை அவள் பண்ணையில் விட்டுவிட்டுத் திரும்பும்போது வண்டி வழுக்கிப் பள்ளத்தில் இறங்கிவிட்டது. எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டார்கள். "சிவப்புக் கொட்டகை ஒன்று தெரிகிறது" என்றேன். வந்து சேர ஐம்பது நிமிஷம் ஆனது. அந்த ராத்திரி நான்கு ஊருக்கும் சேர்த்து அவர் ஒருவர்தான். கண்ணாடியைத் தட்டியவர் முதலில் கேட்டது லைசென்ஸ் இல்லை, "கால் விரலில் உணர்ச்சி இருக்கிறதா?" அப்புறம்தான் சொன்னார்: "இந்த வட்டாரத்தில் பாதிக் கொட்டகை சிவப்புதான்."

அவரே வந்த புதிதில் ஒரே குடும்பப் பெயர் கொண்ட மூன்று பண்ணைகளில் தப்பான பண்ணைக்குப் போய், தூங்கிக்கொண்டிருந்த ஒரு தாத்தாவை எழுப்பி, "உங்கள் மாடு ஓடிவிட்டதாமே" என்று கேட்டவராம். அதிலிருந்து ஓய்வு நாளில் கிரிட் ரோடுகளை (வயல்களுக்கு நடுவே கட்டம் கட்டமாகப் போகும் கிராமச் சாலைகள்) ஒவ்வொன்றாக ஓட்டிப் படித்திருக்கிறார். கையில் காகித வரைபடம். போன் சிக்னல் எல்லா இடத்திலும் கிடைக்காது.

நீங்களும் அதைக் கற்றுக்கொள்ளுங்கள், கஷ்டமே இல்லை. இந்தப் புல்வெளி முழுவதையும் 1870களில் இருந்து சதுரம் சதுரமாக அளந்து வைத்திருக்கிறார்கள். ஒரு மைலுக்கு ஒரு மைல் சதுரம் ஒரு செக்ஷன். அதில் கால்பங்கு 160 ஏக்கர், அதற்குப் பெயர் குவார்ட்டர். 36 செக்ஷன் சேர்ந்தால் ஒரு டவுன்ஷிப். "வடகிழக்கு 14, 15, 20, மேற்கு 3" என்றால் பதினான்காம் செக்ஷனின் வடகிழக்குக் கால்பங்கு, டவுன்ஷிப் 15, ரேஞ்ச் 20, மூன்றாம் மெரிடியனுக்கு (வடக்கு தெற்காகப் போகும் அளவைக் கோடு) மேற்கே என்று அர்த்தம். நம் ஊர் சர்வே நம்பர் மாதிரிதான். ஊருக்கு வெளியே வீடு எடுத்திருந்தால் இதை எழுதி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டுங்கள். வண்டியில் மண்வெட்டி, கம்பளி, மெழுகுவத்தி, அதை ஏற்றி வைக்கத் தகர டப்பா இருக்கட்டும். வழியில் மாட்டிக்கொண்டால் வண்டியை விட்டு இறங்கி நடக்காதீர்கள், வெளிச்சம் பக்கத்தில் தெரிந்தாலும். புல்வெளியில் பக்கம் என்பது எட்டு கிலோமீட்டராக இருக்கும்.

வண்டியை நிறுத்தச் சொன்னால் என்ன செய்வது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் கை கால் பழக்கம் வேறு. நம் ஊரில் நிறுத்தினால் ஆர்.சி. புக்கை எடுத்துக்கொண்டு நாமே இறங்கி ஓடுவோம், அதுதான் மரியாதை. இங்கே இறங்கவே கூடாது. தனியாக இருக்கும் கான்ஸ்டபிளுக்கு, இருட்டில் தன்னை நோக்கி வேகமாக வரும் ஆள் மரியாதையாகத் தெரியமாட்டார். ஓரம் கட்டுங்கள், உள்விளக்கைப் போடுங்கள், கை ஸ்டியரிங்கில் இருக்கட்டும், அவர் வருவார். பேப்பருக்குள் நோட்டை மடித்து வைக்கும் வேலை வேண்டவே வேண்டாம்; அபராதத்தோடு போக வேண்டியது கிரிமினல் வழக்காகிவிடும். விளக்கு எரிய நிற்கும் போலீஸ் வண்டியையோ, பழுதான வண்டியை இழுக்கும் டோ வண்டியையோ தாண்டும்போது வேகத்தை மணிக்கு 60 கிலோமீட்டருக்குக் குறையுங்கள், அது இந்த மாகாணச் சட்டம்.

குடித்துவிட்டு ஓட்டுவது பற்றி: "கிராமம்தானே, யார் பார்க்கப்போகிறார்கள்" என்று சொல்லும் ஆட்கள் நம்மிலும் உண்டு. 2018 டிசம்பரில் சட்டம் மாறிவிட்டது. முறைப்படி நிறுத்திய எந்த ஓட்டுநரையும் சந்தேகம் எதுவும் இல்லாமலே ஊதச் சொல்லலாம்; மாட்டேன் என்பதும் குற்றம். அதிகபட்சத் தண்டனை 10 ஆண்டாக உயர்ந்ததால், குடியேற்றச் சட்டத்தின் கண்ணில் இது கடுமையான குற்றம். பி.ஆர். (நிரந்தர வசிப்புரிமை) வைத்திருப்பவர் அந்த அந்தஸ்தையே இழக்க நேரலாம். ஒரு பீருக்கு அவ்வளவு விலை கொடுக்காதீர்கள்.

எங்கள் இல்லத்தில் கிளிநொச்சியிலிருந்து வந்த தங்கை ஒருத்தி வேலை செய்கிறாள். வேலைக்குக் குற்றப் பின்னணிச் சான்றிதழ் வேண்டும், டிடாச்மென்ட்டுக்குப் போக வேண்டும். வாசலில் காரை விட்டு இறங்கமாட்டேன் என்றாள். சீருடையைக் கண்டாலே அவளுக்கு வேறு நினைவுகள். அவளை யாரும் அவசரப்படுத்தவில்லை, நானும் அவளும் காரிலேயே இருபது நிமிஷம் உட்கார்ந்திருந்தோம். உள்ளே போனால் கவுன்ட்டரில் ஒரு அம்மா, பக்கத்தில் குக்கீ டப்பா, சுவரில் காணாமல் போன நாயின் படம். கையெழுத்துப் போட்டு வெளியே வந்தோம்.

அதற்காக எல்லாம் சர்க்கரைப் பொங்கல் என்று சொல்லமாட்டேன். 2016இல் இந்த மாகாணத்தில் பிக்கர் அருகே ஒரு பண்ணையில் கோல்டன் பூஷி என்ற 22 வயது க்ரீ பழங்குடி இளைஞர் சுட்டுக் கொல்லப்பட்டார். பண்ணைக்காரரை 2018இல் ஜூரி விடுதலை செய்தது. மகன் இறந்த செய்தியைச் சொல்ல வந்த போலீஸார் தாயின் வீட்டைச் சூழ்ந்து, வீட்டுக்குள் தேடி, அந்தத் தாயிடமே குடித்திருக்கிறாயா என்று கேட்டார்கள். அது இனப் பாகுபாடு என்று 2021இல் ஆர்.சி.எம்.பி. மீதான புகார்களை விசாரிக்கும் ஆணையமே சொன்னது. பழங்குடிப் பிள்ளைகளைக் குடும்பத்திலிருந்து பிரித்து உறைவிடப் பள்ளிகளுக்குப் பிடித்துக்கொண்டு போனதிலும் இந்தப் படைக்குப் பங்கு உண்டு. காபிக் கடையில் ரிசர்வ் (பழங்குடி மக்களுக்கென ஒதுக்கிய நிலம்) பற்றிப் பேசப்படும் பேச்சை வாங்கி வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள் என்று நான் சொல்வது இதனால்தான். வந்தவுடன் ஊரோடு ஒட்டவேண்டும் என்ற ஆசையில் நம்மவர்கள் அதைத்தான் முதலில் கற்றுக்கொள்கிறார்கள்.

என் பக்கத்து வீட்டு மூன்றாவது குடும்பத்து கார்ப்பரலிடம் ஒருமுறை கேட்டேன், எந்த வேலை கஷ்டம் என்று. துப்பாக்கி, துரத்தல் என்று ஏதாவது சொல்வார் என நினைத்தேன். "கதவைத் தட்டுவது" என்றார். விபத்தில் பிள்ளை போய்விட்டது என்று பெற்றவர்களிடம் சொல்ல நேரில்தான் போகவேண்டும். நகரத்தில் அந்தக் கதவு யாரோ ஒருவருடையது. இங்கே அந்த அப்பாவோடுதான் சனிக்கிழமை ஹாக்கி ரிங்கில் ஐஸ் தள்ளியிருப்பார். திங்கட்கிழமை கோ-ஆப் கடையில் பால் வரிசையில் அவருக்குப் பின்னால் நிற்கவேண்டும்.

மகன் ஆர்.சி.எம்.பி.யில் சேரவேண்டும் என்கிறான் என்று எழுதிய சகோதரிக்கு: குடியுரிமை கட்டாயமில்லை, பி.ஆர். இருந்தாலும் விண்ணப்பிக்கலாம். பின்னணி விசாரணை நீளும், பொறுமை வேண்டும். பயிற்சி ரிஜைனாவில் டிப்போ என்ற இடத்தில், 26 வாரம். 1885இலிருந்து அங்கேதான் நடக்கிறது. முடிந்ததும் ஆறு மாதம் ஒரு மூத்தவர் கூடவே இருந்து வேலை பழக்குவார். தலைப்பாகை கட்ட முடியுமா, நிறம் தடையாகுமா என்று கேட்டிருந்தீர்கள். மலேசியாவில் பிறந்த பால்தேஜ் சிங் தில்லான் 1990இல் தலைப்பாகையோடு சேர்ந்தார், பெரிய எதிர்ப்பு கிளம்பியது. 2025இல் அவர் செனட்டர். பெண்கள் 1974இல் வந்தார்கள். உங்கள் மகனால் முடியும்.

ஆனால் நீங்கள் அவனிடம் கேட்கவேண்டிய கேள்வி வேறு. 2005 மார்ச் 3 அன்று அல்பர்ட்டாவில் மேயர்தோர்ப் அருகே ஒரு பண்ணையில் நான்கு கான்ஸ்டபிள்கள் கொல்லப்பட்டார்கள். அடுத்த ஆண்டு இங்கே ஸ்பிரிட்வுட் பக்கம் இருவர். அப்படிப்பட்ட நாள் அபூர்வம். தினப்படி கஷ்டம் என்னவென்றால் கூப்பிட்டால் துணைக்கு வரும் வண்டி நாற்பது நிமிஷ தூரத்தில் இருப்பது. அதைவிட, கல்யாணமாகி வரும் பெண் ஒவ்வொரு ஊரிலும் வேலையை விட்டுவிட்டுப் புதிதாகத் தேடவேண்டும். இரண்டாவது குடும்பத்து மனைவி பல் சுகாதாரம் படித்தவள். எங்கள் ஊரில் மூன்று வருஷம் கோ-ஆப்பில் பில் போட்டாள். பொண்ணு வீட்டில் பேசும்போது சிவப்புக் கோட்டுச் சீருடைப் படத்தோடு இதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

தம்பி, உங்களுக்கு ஒன்று மட்டும். அடுத்த முறை அந்தக் கார் ஊர்ந்து வந்தால் கையை ஆட்டுங்கள். இங்கே எல்லோரும் எல்லோருக்கும் ஆட்டுவார்கள், ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்கினாலே போதும். வட்டார வரைபடம் ஆர்.எம். (கிராமப்புற நகராட்சி) அலுவலகத்தில் விலைக்குக் கிடைக்கும், எந்த குவார்ட்டர் யாருடையது என்று பெயரோடு. பழைய பதிப்பைத் தள்ளிவிடப் பார்ப்பார்கள், புதியதைக் கேட்டு வாங்குங்கள்.