கண்ணாடி ஷோகேஸும் 15 மாதக் குழந்தையும்: பூட்டு மட்டும் போதுமா?

திருச்சி_மருமகள் எழுதியது:

வணக்கம். எங்கள் ஹாலில் ஆறடி உயர ஷோகேஸ் ஒன்று இருக்கிறது. மேலே மூன்று தட்டு, அதற்கு இழுத்துத் தள்ளும் கண்ணாடிக் கதவு, கீழே இரண்டு டிராயர். உள்ளே தஞ்சாவூர் தலையாட்டி பொம்மைகள், பீங்கான் கப் செட், மாமனார் கபடியில் வாங்கிய கோப்பைகள், பித்தளைக் குத்துவிளக்கு ஒன்று, அப்புறம் போன தீபாவளிக்கு ஒட்டிய எல்இடி விளக்குப் பட்டையும் அதன் சின்ன ரிமோட்டும். பையனுக்கு 15 மாதம். முதலில் கண்ணாடியில் கை வைத்துத் தட்டிக்கொண்டிருந்தான், இப்போது டிராயரை இழுத்து அதன் விளிம்பில் ஒரு காலை வைத்து ஏறிப் பார்க்கிறான்.

ஒட்டும் பூட்டு வாங்கி ஒட்டினேன், வெயில் ஏறியதும் பசை இளகிக் கழன்றுவிட்டது. எல்லாவற்றையும் எடுத்துப் பரணில் போட்டுவிடலாம் என்றால் மாமியாருக்கு மனசு வரவில்லை, அந்தக் கோப்பைகளைத் தினமும் துடைத்து வைப்பது அவர்தான், அதைக் குறை சொல்லவும் எனக்கு மனமில்லை. வாடகை வீடு, சுவரில் ஆணி அடிக்கக் கூடாது என்று வீட்டுக்காரர் முதலிலேயே சொல்லியிருக்கிறார். நல்ல பூட்டாக எதைப் போடலாம்? வேறு என்ன செய்ய வேண்டும்?

மதுரை_மரவேலை எழுதியது:

சகோதரி, நீங்கள் கேட்டது பூட்டு. ஆனால் டிராயரில் ஏறுகிறான் என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் எனக்கு முதலில் உறுத்துகிறது. பொம்மை உடைந்தால் இன்னொன்று வாங்கிக்கொள்ளலாம், அலமாரியே அவன் மேல் சாய்ந்தால் என்ன செய்வது? கீழ் டிராயர் இரண்டையும் முழுக்க இழுத்துவிட்டால் அலமாரியின் பாரம் முன்பக்கம் வந்துவிடும். அந்த நேரத்தில் பத்துக் கிலோ குழந்தை விளிம்பில் நின்றால் போதும், பின்கால்கள் தரையை விட்டு எழும்பிவிடும். நாளைக் காலையில் நீங்களே பாருங்கள்: பையனை வேறு அறையில் விட்டுவிட்டு, உடையும் சாமானை எல்லாம் இறக்கி வைத்துவிட்டு, டிராயர்களை முழுக்க இழுத்து, மேல் விளிம்பில் ஒரு கையைக் கொடுத்துக்கொண்டே டிராயர் முனையை மெல்ல அழுத்துங்கள். ஆடினாலே புரிந்துவிடும்.

வழி ஒன்றுதான், சுவரோடு சேர்த்துப் பிடிக்க வேண்டும். மேல் பலகையிலிருந்து சுவருக்கு இரண்டு பக்கமும் எல் கிளாம்ப், அதாவது L வடிவ இரும்புப் பட்டை போடுங்கள். அலமாரியின் பின்னால் இருக்கும் மெல்லிய ஷீட்டில் திருகாதீர்கள், 3 மி.மீ. ஷீட் ஒரு இழுப்புக்குக் கிழிந்து வந்துவிடும். மேல் பலகையிலோ பக்கப் பலகையிலோதான் பிடிக்க வேண்டும். பலகை பார்ட்டிகிள் போர்டாக, அதாவது மரத்தூளை அழுத்திச் செய்ததாக இருந்தால் சாதாரண ஸ்க்ரூ நாளாக நாளாகத் தளர்ந்துவிடும், அதற்குத் துளை போட்டு வாஷர் வைத்து போல்ட் நட்டு முடுக்குவதுதான் நிற்கும்.

இன்னொரு விஷயம் பலரும் கவனிப்பதில்லை. நம் வீடுகளில் தரையை ஒட்டி டைல்ஸ் ஸ்கர்ட்டிங் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், அதனால் அலமாரி சுவரோடு ஒட்டி நிற்காமல் அரை அங்குல இடைவெளி விழும். அந்த இடைவெளிக்குச் சரியான கனத்தில் ஒரு ரீப்பரை, அதாவது மரச் சட்டத்தை மேலே வைத்துவிட்டுக் கிளாம்ப் போடுங்கள், இல்லாவிட்டால் கிளாம்ப் வளைந்து கொடுக்கும். டபுள் சைடு டேப்பில் ஒட்டும் பட்டை வருகிறதே என்று கேட்பீர்கள். அது பிடிப்பது சுவரை அல்ல, மேலே இருக்கும் பெயிண்டை. இழுத்தால் பெயிண்ட்டோடு உரிந்து வரும். வீட்டுக்காரரிடம் பேசுங்கள். இரண்டு துளைதான், காலி செய்யும்போது பட்டி வைத்து மூடிப் பெயிண்ட் தொட்டுக் கொடுக்கிறோம் என்று சொல்லுங்கள், கேட்காமல் போக மாட்டார்.

நியூஜெர்சி_தமிழ் எழுதியது:

மேலே சொன்னதை நானும் வலியுறுத்துகிறேன். இங்கே அமெரிக்காவில் துணி வைக்கும் டிராயர் அலமாரிகள் சாய்ந்து குழந்தைகள் இறந்திருக்கிறார்கள். அதன் பிறகுதான் 2016-ல் ஐகியா சுமார் 2.9 கோடி அலமாரிகளைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தது. பிள்ளைகளைப் பறிகொடுத்த பெற்றோர் பல ஆண்டுகள் போராடி 2022 டிசம்பரில் ஒரு சட்டமே வந்தது. அதன்படி வந்த விதி 2023 செப்டம்பர் முதல் நடைமுறையில் இருக்கிறது. டிராயர்கள் நிரம்பித் திறந்திருக்கும்போது, தரையில் கம்பளம் இருக்கும்போது, 60 பவுண்டு அதாவது ஏறக்குறைய 27 கிலோ குழந்தை தொங்கும்போது என்றெல்லாம் சோதித்து, அலமாரி சாயாமல் நின்றால்தான் விற்கலாம். அவ்வளவு செய்த பிறகும் பெட்டிக்குள் சுவரில் பிடிக்கும் கிட் சேர்த்தே வருகிறது, அதையும் கட்டாயம் மாட்டு என்றுதான் எழுதியிருக்கும். ஊரில் ஆசாரி செய்து தரும் ஷோகேஸை யாரும் இப்படிச் சோதிப்பதில்லை, அதனால் நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இரட்டைப்பிள்ளை_அம்மா எழுதியது:

அம்மா, முதலில் அந்த ரிமோட்டை எடுங்கள், இதைப் படித்தவுடனே எடுங்கள். அந்தச் சின்ன விளக்கு ரிமோட்டில் பெரும்பாலும் தட்டையான பட்டன் பேட்டரிதான் இருக்கும். அதன் மூடிக்கு ஸ்க்ரூ கூட இருக்காது, நகத்தால் தள்ளினாலே வெளியே வந்துவிடும். குழந்தை அதை விழுங்கி, அது உணவுக்குழாயில் சிக்கிக்கொண்டால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உள்ளே வெந்து புண்ணாகிவிடும். விழுங்கியிருப்பானோ என்று சந்தேகம் வந்தால்கூட வாந்தி எடுக்க வைக்காமல், வெளியே போகட்டும் என்று காத்திருக்காமல், நேரே எக்ஸ்ரே எடுக்கும் வசதி உள்ள பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும்.

கண்ணாடிக்கு வருகிறேன். அது சாதாரண 4 அல்லது 5 மி.மீ. கண்ணாடியா, சூடாக்கி உறுதியாக்கிய டஃபன்டு கண்ணாடியா என்று பாருங்கள். டஃபன்டு என்றால் பெரும்பாலும் மூலையில் சின்னதாக ஒரு முத்திரை இருக்கும். சாதாரணக் கண்ணாடி உடைந்தால் நீளநீளமாகக் கத்தி மாதிரி துண்டாகும். டஃபன்டு சின்னச் சின்னக் குருணையாக உதிரும். ஒருமுறை டஃபன்டு செய்த பிறகு அதை வெட்டவோ துளை போடவோ முடியாது, அதனால் சரியான அளவு கொடுத்துத்தான் செய்ய வேண்டும், விலையும் கூட. நாங்கள் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அதே கனத்தில் அக்ரிலிக் ஷீட் வெட்டி அதே சேனலில் போட்டுவிட்டோம். நாளடைவில் கீறல் விழுகிறது, பளபளப்பும் குறைகிறது, ஆனால் என் பெண்கள் இருவரும் மரக்கரண்டியால் அடித்த அடிக்கு அது ஒன்றும் ஆகவில்லை.

நீங்கள் கேட்ட பூட்டு இருக்கிறது. நகைக்கடை, ஃபேன்சி ஸ்டோர் கண்ணாடியில் பல் பல்லாக ஒரு பட்டையும் அதில் ஒரு சாவிப் பூட்டும் மாட்டியிருப்பார்களே, அதேதான். ஹார்டுவேர் கடையில் ஷோகேஸ் பூட்டு என்று கேட்டால் கொடுப்பார்கள். இரண்டு கண்ணாடியும் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் இடத்தில் மாட்ட வேண்டும், துளை தேவையில்லை, பசையும் இல்லை என்பதால் வெயிலுக்கும் கழலாது. டிராயருக்கு மட்டும் உள்பக்கம் ஸ்க்ரூ போடும் கொக்கிப் பூட்டு வாங்குங்கள்.

கும்பகோணத்து_பாட்டி எழுதியது:

கண்ணே, நான்கு பேரக்குழந்தைகளை வளர்த்தவள் சொல்கிறேன். எல்லாவற்றையும் பூட்டி வைத்தால் அவனுக்கு அது என்ன என்ற ஆசைதான் கூடும். தினமும் மத்தியானம் அவனை மடியில் வைத்துக்கொண்டு, காகிதக்கூழில் செய்த லேசான தலையாட்டி பொம்மை ஒன்றை எடுத்து ஒரு விரலால் தட்டி ஆட விடுங்கள். முதலில் முழுக் கையாலும் பிடிப்பான், அவன் கையைப் பிடித்து ஒரே ஒரு விரலை நீட்டித் தொடச் சொன்னால் அது ஆடுவதைப் பார்த்துக்கொண்டே இருப்பான். பிறகு அவனையே உள்ளே வைக்கச் சொல்லுங்கள். உங்கள் மாமியாரையே இதைச் செய்யச் சொல்லுங்கள், இரண்டு பேருக்கும் சந்தோஷம்.

ஆனால் பழைய பொம்மையை வாயில் வைக்க விடாதீர்கள். அந்தக் காலத்து வண்ணங்களில் ஈயம் இருந்தது. வீட்டுக்கு அடிக்கும் பெயிண்ட்டில் ஈயம் 90 பிபிஎம், அதாவது பத்து லட்சத்தில் 90 பங்கு தாண்டக் கூடாது என்ற விதியே 2017 நவம்பரில்தான் நம் நாட்டில் நடைமுறைக்கு வந்தது.

நவராத்திரியில் கொலு வைப்பீர்களானால் இன்னும் கவனம். படியில் விரித்த துணி முன்னால் தொங்கினால் குழந்தை முதலில் பிடித்து இழுப்பது அதைத்தான், மேல்படி பொம்மைகள் எல்லாம் அதோடு வரும். துணியை ஒவ்வொரு படிக்கும் தனித்தனியாக மடித்து அடியில் செருகிப் பின் குத்திவிடுங்கள். கீழ் இரண்டு படியில் களிமண் பொம்மை வேண்டாம், மரப்பாச்சியை வையுங்கள். செட்டியார் கடைப் பருப்பும் சொப்புச் சாமானும் மேலே போகட்டும். ஒன்றேகால் அங்குல அகலமுள்ள குழாய்க்குள் போகிற எதுவும் இந்த வயதுக் குழந்தையின் தொண்டைக்கும் போகும்.

மதுரை_மரவேலை எழுதியது:

பாட்டி சொல்வது நல்ல பழக்கம், நானும் என் மகனுக்கு அப்படித்தான் சொல்லிக் கொடுத்தேன். ஆனால் 15 மாதத்தில் அவனுக்குப் புரிந்தாலும் கை நிற்காது. நாம் அடுப்பில் பாலைப் பார்க்கப் போகும் அந்த இரண்டு நிமிடத்துக்குத்தான் கிளாம்ப். சொல்லிக்கொடுப்பதை அதற்கு மாற்றாக வைத்துக்கொள்ளாதீர்கள்.

திருச்சி_மருமகள் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. ரிமோட் இப்போது பீரோவுக்குள். வீட்டுக்காரரிடம் பேசினேன், அவருக்கும் பேரன் இருக்கிறான் போல, இரண்டு துளைக்குச் சரி என்றுவிட்டார். மாமியார் குத்துவிளக்கையும் கனமான கோப்பைகளையும் தானாகவே எடுத்து உள் அறையின் கடப்பாக்கல் அலமாரிக்கு மாற்றிவிட்டார். அது சுவரோடு கட்டிய அலமாரி, நாலடிக்கு மேல்தான் தட்டே தொடங்குகிறது. டிராயரில் இருந்த பழைய ஆல்பங்களை எடுத்துவிட்டு அவனுடைய துணிப் பந்தும் பிளாஸ்டிக் டப்பாக்களும் வைக்கலாமா? சுவர் என்ன சுவர் என்று வீட்டுக்காரருக்கே தெரியவில்லை, துளைக்குள் வைத்து ஸ்க்ரூவை முடுக்க என்ன பிளக் வாங்குவது?

மதுரை_மரவேலை எழுதியது:

டிராயரில் அவன் சாமானை வைக்காதீர்கள், அதை எடுக்கவே திரும்பத் திரும்ப இழுப்பான். அவனுக்குத் தரையில் ஒரு கூடை வைத்துவிடுங்கள். ஆல்பம் கனம் என்பதால் அது டிராயரிலேயே இருக்கட்டும், அடியில் கனம் இருப்பதுதான் அலமாரிக்கு நல்லது. டிராயர் மட்டும் பூட்டியே இருக்க வேண்டும். அதே மாதிரி, அவன் கேட்டு அழும் பிஸ்கட் டப்பாவையோ போனையோ ஷோகேஸ் உச்சியில் வைக்காதீர்கள், ஏறச் சொல்லிக் கூப்பிடுவது அதுதான்.

சுவரைக் கண்டுபிடிப்பது சுலபம், ட்ரில் பொடியைப் பாருங்கள். முதல் அரை அங்குலம், முக்கால் அங்குலம் சாம்பல் நிறத்தில் வரும், அது பூச்சு. அதற்கப்புறம் சிவப்பாக வந்தால் செங்கல், சாதாரண 8 மி.மீ. நைலான் பிளக்கும் இரண்டரை அங்குல ஸ்க்ரூவும் போதும், பிளக் பூச்சைத் தாண்டிச் செங்கலுக்குள் முழுதாக இறங்கியிருக்க வேண்டும். தொடர்ந்து சாம்பலாகவே வந்து, திடீரென்று பிட் உள்ளே போய் விழுந்தால் நடுவில் பொந்து உள்ள ஹாலோ பிளாக், அதற்கு உள்ளே விரிந்து பிடிக்கும் பிளக் வேண்டும். வெளிறிய மாவாக, அழுத்தாமலே உள்ளே போனால் ஏஏசி பிளாக் என்ற எடை குறைந்த கான்கிரீட் கல், அதற்கென்றே தனி பிளக் வருகிறது, கடையில் சொல்லிக் கேளுங்கள், சாதாரணப் பிளக் அதில் சுற்றிக்கொண்டே இருக்கும். ஸ்விட்ச் போர்டுக்கு நேர் மேலும் நேர் கீழும் துளை போடாதீர்கள், ஒயர் அந்த வழியில்தான் போகும். போட்டு முடித்ததும் டிராயரை இழுத்து மறுபடி அழுத்திப் பாருங்கள், கொஞ்சமாவது ஆடினால் ஸ்க்ரூவைக் கழற்றாமல் அப்படியே ஒரு போட்டோ எடுத்து இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.