மவுண்ட் வெர்னன் குடும்பங்களை 1870 வரை தொடர உதவி வேண்டும்

வணக்கம். ஜார்ஜ் வாஷிங்டனின் மவுண்ட் வெர்னன் பண்ணைகளில் அடிமைப்பட்டிருந்த குடும்பங்களின் வம்சாவளியைத் தொகுக்கிறோம். 1799 பட்டியலில் 317 பேர். 123 பேர் வாஷிங்டனின் உடைமை. 153 பேர் வாஷிங்டனின் மனைவி மார்த்தாவின் முதல் கணவரான கஸ்டிஸின் சொத்துவழி வந்தவர்கள். மற்றவர்கள் பெரும்பாலும் வாடகைக்கு எடுக்கப்பட்டவர்கள்.

1801 ஜனவரி 1 அன்று விடுதலை கிடைத்தது வாஷிங்டனின் உடைமையாக இருந்தவர்களுக்கு மட்டும்தான். பிள்ளைகள் தாயின் கணக்கில் சேர்ந்ததால் வீடுகளே பிளந்தன: தச்சர் ஐசக் விடுதலையானார், மனைவி கிட்டியும் மகள்களும் கஸ்டிஸ் கணக்கிலேயே நின்றார்கள். 1802இல் மார்த்தா இறந்ததும் கஸ்டிஸ் தரப்பினரை நான்கு பேரப்பிள்ளைகள் பங்கு போட்டுக்கொண்டார்கள். அந்தக் கொடுமையோடு தடமும் அறுகிறது.

1850, 1860 அடிமைக் கணக்கெடுப்புகளில் உடைமையாளர் பெயருக்குக் கீழே பெரும்பாலும் வயது, பால், நிறம் போன்ற விவரங்களே இருக்கும். அடிமைப்பட்டிருந்தவர்களின் பெயர்கள் பொதுவாக வருவது 1870 கணக்கெடுப்பில்தான். வயதை மட்டும் வைத்துப் பொருத்தினால் வேறு யாரோ குடும்பத்துக்குள் வந்துவிடுவார்கள். அதனால் தாயின் பெயரும் பண்ணையும் ஒத்துப்போனால் மட்டுமே சேர்க்கிறோம்.

பேரப்பிள்ளைகளின் உயில்கள், சொத்துப் பட்டியல்கள், மவுண்ட் வெர்னன் அமைந்துள்ள ஃபேர்ஃபாக்ஸ் கவுண்டியின் சுதந்திரக் கறுப்பினத்தவர் பதிவேடு இவற்றில் பழக்கமுள்ளவர்கள் யாராவது இருக்கிறீர்களா? பழைய ஆங்கிலக் கூட்டெழுத்தைப் படிக்கத் தெரிந்தவர்களும் அவசியம் கமெண்டில் சொல்லுங்கள்.