கரிப்பூர் விபத்துக்குப் பிறகு விமானத்தில் தரையிறங்குவது பற்றி மூவரின் அனுபவங்கள்

கோழிக்கோடு விமான நிலையம் இருக்கும் கரிப்பூரில் அந்த விபத்து நடந்த இரவு என் போன் ஓயவே இல்லை. விமானப் பைத்தியம் என்று என்னைத் தெரிந்த எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: "மழைதானே காரணம்?" 2020 ஆகஸ்ட் 7. கொரோனாவால் வெளிநாட்டில் சிக்கியவர்களை அழைத்துவந்த வந்தே பாரத் சேவையில், துபாயிலிருந்து 190 பேரோடு வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் போயிங் 737, ஓடுபாதையைத் தாண்டிப் பள்ளத்தில் விழுந்து உடைந்தது. விமானிகள் இருவரும் சேர்த்து 21 பேர் போய்விட்டார்கள். கொரோனா நேரம். அக்கம்பக்கத்து மக்கள் அதையெல்லாம் பார்க்காமல் ஓடிவந்து அடிபட்டவர்களைத் தூக்கிக்கொண்டு போனார்கள். அதை நினைத்தால் இன்றும் கண் கலங்குகிறது.

மழை ஒரு பங்குதான். அடுத்த ஆண்டு வெளிவந்த விசாரணை அறிக்கையை உட்கார்ந்து படித்தேன். முதல் முறை இறங்க முயன்று மேலே ஏறிவிட்டார்கள். கேப்டன் பக்கத்து வைப்பர் சரியாக வேலை செய்யவில்லை. இரண்டாவது முறை அதே ஓடுபாதையில் எதிர்ப்பக்கத்திலிருந்து, பின்னாலிருந்து தள்ளும் காற்றோடு வந்தார்கள். 8,858 அடி நீள ஓடுபாதையில் 4,438 அடி தாண்டித்தான் சக்கரம் தரையைத் தொட்டது. அதற்கு முன்பே துணை விமானி "கோ அரவுண்ட்", அதாவது இறங்காமல் மேலே ஏறிவிடு என்று சொல்லியிருக்கிறார். 2010 மே மாதம் மங்களூரிலும் இதே கதை. துணை விமானி சொன்னார், கேப்டன் தொடர்ந்து இறக்கினார், 158 பேர் இறந்தார்கள். இரண்டுமே டேபிள்டாப் ஓடுபாதைகள், அதாவது மேட்டின்மேல் அமைந்து, தாண்டினால் பள்ளத்தில் விழவேண்டியவை. பத்து வருட இடைவெளியில் அதே எச்சரிக்கை இரண்டாவது முறையும் வீணாகப் போனதுதான் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது.

சரி, என் அனுபவம். அதற்குப் பிறகு ஒரு பருவமழையில் அதே கோழிக்கோட்டுக்குப் போனேன். இறக்கைக்குச் சற்றுப் பின்னால் ஜன்னல் இருக்கை. இறக்கையின் பின்விளிம்பில் இருக்கும் ஃபிளாப் பலகைகள் முழுக்க விரிந்து, சக்கரமும் இறங்கியாயிற்று. கண்ணாடியில் மழைத்தண்ணீர் கோடு கோடாகப் பின்பக்கம் ஓடியது. கீழே தென்னை தெரிவதும் மறைவதுமாக இருந்தது. திடீரென்று இன்ஜின் இரைச்சல் ஏறியது, முதுகு சீட்டோடு ஒட்டியது. ஃபிளாப் கொஞ்சம் உள்ளே போனது. அப்புறம் காலடியில் சக்கரம் மடங்கி மூடும் சத்தம். மேலே ஏறும்போது எல்லாம் இந்த வரிசையில்தான் நடக்கும் என்று தெரியும் என்பதால் எனக்கு நிம்மதிதான். பக்கத்தில் இருந்த பாலக்காட்டுப் பெரியவர் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, என்ன ஆச்சு?"

"பாதை சரியாத் தெரியலை போலிருக்கு ஐயா. மேலே ஏறிட்டாரு. இப்படி ஏறுறதுதான் நல்லது."

கடைசியில் கோயம்புத்தூரில் இறக்கினார்கள். உள்ளே ஒரே கூச்சல். "முன்னாடி போன விமானம் இறங்கிடுச்சே, இவருக்கு மட்டும் என்ன?" என்று ஒருவர் கேட்டார். எனக்கு மழையைவிட அந்தக் கேள்விதான் பயமாக இருந்தது. இறக்கியே தீர வேண்டும் என்ற நெருக்கடியை விமானிமேல் ஏற்றுவதில் நமக்கும் பங்கு இருக்கிறது.

*

நான் பயிற்சியில் இருக்கும் துணை விமானி. விமானத்தைப் போலவே அமைத்த பயிற்சிக் கருவியான சிமுலேட்டரில் எங்கள் பயிற்றுநர் கேப்டன் இருக்கையில் உட்கார்ந்துகொண்டு, வேண்டுமென்றே வேகத்தைக் கூட்டி, ஓடுபாதைக்கு மேலேயே மிதக்க விடுவார். நாங்கள் குரல் கொடுக்க வேண்டும். எங்கள் குழுவில் ஒருவர் "கோ அரவுண்ட், சார்" என்றார். பயிற்றுநர் உடனே நிறுத்திவிட்டு, "அந்தச் சாரை வெளியில வெச்சுக்கோ. இங்க சத்தமாச் சொல்லு. நான் கேக்கலைன்னா கன்ட்ரோலை நீ எடுத்துக்கோ" என்றார். எங்களைவிட முப்பது வயது மூத்தவர் அவர். அவர் கையிலிருந்து கன்ட்ரோலை வாங்குவது, சிமுலேட்டர் என்றாலும், லேசுப்பட்ட காரியம் இல்லை.

*

நான் வளைகுடாவிலிருந்து மங்களூருக்கு அடிக்கடி வரும் பயணி. ஒருமுறை நல்ல மழையில் சக்கரம் டமால் என்று தரையில் மோதியது. உடனே இறக்கைமேல் விமானத்தைத் தரையோடு அழுத்தும் ஸ்பாய்லர் பலகைகள் நிமிர்ந்து நின்றன, இன்ஜின் உந்துதலை முன்பக்கமாகத் திருப்பி வேகத்தைக் குறைக்கும் ரிவர்ஸ் இரைந்தது, பெல்ட் வயிற்றை அழுத்தியது. பின்சீட்டில் "ஓட்டத் தெரியாதவன்" என்று ஒருவர் திட்டினார். நான் திரும்பி அவரிடம் சொன்னேன்: நனைந்த பாதையில் பூப்போல இறக்கப் பார்த்தால் விமானம் மிதந்துகொண்டே போகும், மிதக்கிற ஒவ்வொரு நொடியும் 200 அடிக்கு மேல் பாதை போய்விடும். அழுத்தி இறக்கினால்தான் டயர் தண்ணீரைப் பிளந்து தரையைப் பிடிக்கும், பிரேக் பிடிக்கும். அவர் நம்பினாரோ என்னவோ, இறங்கும்போது வாசலில் நின்ற கேப்டனுக்கு நான் கைகொடுத்துவிட்டுத்தான் வந்தேன்.