ஊசியை விட்டால்தான் ஹெபடைடிஸ் சி மருந்தா?

தாராவிக்காரன்:
அக்கா மகன், 26 வயசு. ஊசியில் போதை ஏற்றிக்கொள்கிறவன். ரத்தப் பரிசோதனையில் ஹெபடைடிஸ் சி, கல்லீரலைத் தாக்கும் கிருமி, என்று வந்திருக்கிறது. தனியார் டாக்டர் ஒருவர், "ஆறு மாசம் சுத்தமா இருக்கட்டும், அப்புறம் மருந்து" என்று திருப்பி அனுப்பிவிட்டார். இது நியாயமா?

மாட்டுங்கா செல்வம்:
நியாயம்தான். இன்றைக்குக் குணமாக்கினால் அடுத்த மாசமே அதே கும்பலோடு உட்காருவான். இந்த நோய்க்குத் தடுப்பூசி கிடையாது; ஒருமுறை வந்து போனால் திரும்ப வராது என்பதும் இல்லை. இலவச மருந்து யார் வரிப்பணம்?

சயான் நர்ஸ்:
செல்வம் அண்ணே, அது இன்டர்ஃபெரான் என்ற பழைய ஊசி மருந்துக் காலத்துப் பேச்சு. மாசக்கணக்கில் ஊசி, காய்ச்சல், மனச்சோர்வு, இத்தனைக்கும் பிறகு குணம் நிச்சயமில்லை. அதனால் தயங்கினார்கள். இப்போது சோஃபோஸ்புவிர், டக்ளட்டாஸ்விர் மாத்திரை, பெரும்பாலோருக்கு 12 வாரம். சமீபத்தில் ஊசி போட்டுக்கொண்ட 103 பேருக்கு இதே வகை மாத்திரை கொடுத்த சிம்ப்ளிஃபை ஆய்வில் 94 சதவீதம் பேர் குணமானார்கள். 12 வயது முதல் நோய் உறுதியான எல்லாருக்கும் சிகிச்சை கொடுக்கச் சொல்லி உலக சுகாதார நிறுவனம் 2018லேயே சொல்லிவிட்டது.

மாட்டுங்கா செல்வம்:
ஆய்வுக்கு வருகிறவன் வேற, பாலத்துக்கு அடியில் கிடக்கிறவன் வேற. இவன் மாத்திரையை வித்துத் தின்பான்.

சயான் நர்ஸ்:
யாரிடம் விற்பான்? அதில் போதை ஏறாது! ஊசிப் போதைக்குப் பதிலாக மருந்து தரும் ஓஎஸ்டி மையத்தில், புப்ரெனார்ஃபின் என்ற அந்த மாற்று மருந்தைப் பொடித்து நாக்குக்கு அடியில் வைத்து, கரையும்வரை ஊழியர் கண்முன்னே உட்காரவைப்பார்கள். அதற்குத் தினமும் வருகிறவன் இந்த மாத்திரையையும் அங்கேயே விழுங்கிவிட்டுப் போகலாமே.

குர்லா பாஸ்கர்:
செல்வம் சார் சொன்ன மறுதொற்று நிஜம். நான் களப்பணியில் பார்த்தது: ஆளுக்கொரு புது ஊசி இருக்கும், ஆனால் போதைப்பொருளைக் கரைக்கும் கரண்டி ஒன்று, தண்ணீர் ஒன்று, வடிகட்டும் பஞ்சும் ஒன்றே. கிருமி அதிலும் பரவும். ஆகவே மருந்தோடு இதையும் சொல்லித் தரவேண்டும், சுத்தமான ஊசியும் கிடைக்கவேண்டும். ஆனால் ஆறு மாசம் காக்கவைத்தால்? அந்தக் கும்பலில் இவனே எத்தனை பேருக்குக் கொடுப்பான்? கல்லீரல் சுருங்கிப் படுத்தபிறகு ஆகும் செலவும் வரிப்பணம்தான்.

மாட்டுங்கா செல்வம்:
சரி, கொடுங்க. மறுபடி வந்தால்?

சயான் நர்ஸ்:
மறுபடியும் கொடுக்கணும். பீடி குடிக்கிறவனுக்கு ரெண்டாவது தடவை நெஞ்சுவலி வந்தால் வாசலோடு அனுப்புகிறோமா?

தாராவிக்காரன் அண்ணே, ரிப்போர்ட்டில் ஆன்டிபாடி (கிருமியை எதிர்க்க உடம்பு உண்டாக்குவது) மட்டும் ரியாக்டிவ், அதாவது இருக்கிறது, என்றால் பதறாதீங்க. சிலருக்குக் கிருமி தானாகவே போயிருக்கும். கிருமி இப்போதும் ரத்தத்தில் இருக்கிறதா என்று பார்க்கும் ஆர்என்ஏ பரிசோதனை எடுத்தால்தான் தெரியும். ஹெபடைடிஸ் பி இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்க. டிபி மருந்து சாப்பிட்டால் மறைக்கவே கூடாது, அதில் இருக்கும் ரிஃபாம்பிசின் இந்த ஹெபடைடிஸ் சி மாத்திரையின் வேலையைக் கெடுத்துவிடும். தேசிய ஹெபடைடிஸ் திட்டத்தில் 2018லிருந்து பரிசோதனையும் மருந்தும் இலவசம். பெரிய அரசு ஆஸ்பத்திரியில் கேளுங்க.

தாராவிக்காரன்:
ஆன்டிபாடி மட்டும்தான் போட்டிருக்கு. டிபி மருந்தும் சாப்பிடுகிறான், அந்த டாக்டர் கேட்கவே இல்லை. திங்கட்கிழமை கூட்டிக்கொண்டு போகிறேன்.